கறிவேப்பிலைக்குக் காசு

பஸ் கதவு கொம்பையாவைப் பார்த்ததும் திறந்தது. "ரொம்ப நன்றி தாயி," என்று கதவிடம் சொல்லிவிட்டு, சேலைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினான். கதவுக்கு நன்றி சொல்லும் மனுஷனை ஆழிக்குடியில் அவன் ஒருவனைத் தவிர வேறு யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் பஸ்ஸில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஜன்னலோரம் இருந்த ஒரு பெரியவர் எழுந்து, "உக்காருங்க தாயே," என்று இடம் விட்டார். போன மாசம் இதே கொம்பையா சட்டையும் பேண்ட்டுமாக ஏறியபோது, இதே பெரியவர் பக்கத்து சீட்டில் தன் பையை உட்கார வைத்திருந்தார். சேலைக்கு வந்த வாழ்வைப் பார் என்று நினைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்தான்.

ஊரில் தசரா நடந்துகொண்டிருந்தது. கரைகாத்த அம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் கையில் மஞ்சள் காப்புக் கட்டி, வேஷம் போட்டு, வாசல் வாசலாகத் தர்மம் எடுப்பார்கள். காளி, குறத்தி, எமன், கரடி என்று எது வேண்டுமானாலும் போடலாம். காப்புக் கட்டியவன் யாராக இருந்தாலும் அந்தப் பத்து நாளும் அவன் அம்மன்தான். 'தாயே' என்றுதான் கூப்பிட வேண்டும். கொம்பையாவின் வேஷத்தில் சாயமும் கிடையாது, கிரீடமும் கிடையாது. ஒரு பொட்டு, கொஞ்சம் கனகாம்பரம், ஒரு நூல் சேலை. இது என்ன வேஷம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், "தாய் வேஷம்," என்பான். மற்றவர்கள் தசராவுக்கு வேஷம் போடுகிறார்கள், இவன் தசராவுக்குத்தான் வேஷத்தைக் கழற்றுகிறான் என்பது உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும்.

பக்கத்தில் இருந்த இளம்பெண் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் அலுவலக அட்டை தொங்கியது. ஜெனிட்டா, 'கண்' மாவட்ட அலுவலகம்.

"நீங்க கதவுக்கு நன்றி சொன்னீங்கதானே?"

"ஆமா மேடம். மத்த நாள்ல சேலையோட வந்தா அது எனக்குத் திறக்காது. திறக்கிற நாள்ல சொல்லிரணும்லா."

அவள் நிமிர்ந்து, கதவுக்கு மேலே பதித்திருந்த எலுமிச்சம்பழ அளவுக் கண்ணாடியைப் பார்த்தாள். பஸ், ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, கல்யாண மண்டபம் என்று எல்லா வாசலிலும் அந்தக் கண் இருந்தது. கள்ளனைப் பிடிக்கவென்று வந்தது. கள்ளன் குறைந்தானோ இல்லையோ, கொம்பையா நடமாடும் இடம் குறைந்துபோனது.

"ஒண்ணு கேக்கட்டா மேடம்? ஆம்பளை சேலை கட்டக் கூடாதுன்னு சட்டத்துல இருக்கா?"

"சட்டத்துல இல்ல. ஆள் மாறி வந்துடக் கூடாதுன்னு ஒரு விதி இருக்கு. பதிவுல ஆண்னு இருந்து, கட்டியிருக்கிறது பெண் உடையா இருந்தா, 'ஆள் பொருந்தவில்லை'ன்னு கண் சொல்லும். கதவு திறக்காது."

"யாரு போட்ட விதி?"

"தெரியல. நான் வேலைக்குச் சேரும்போதே இருந்துச்சு."

"அப்ப யாரு மேலயும் தப்பு கிடையாது."

"யார் மேலயும் கிடையாதுதான்," என்றவள், தான் சொன்னது தனக்கே பிடிக்காதவள் போல வெளியே பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "திருநங்கைன்னு பதிவு பண்ணிக்கிட்டா உங்களுக்கும் திறக்குமே?" என்றாள்.

"அவிய பாடு அவியளுக்கு. நான் ஆம்பளைதான் மேடம். சேலை கட்டுத ஆம்பளை. கதவு திறக்கணும்ங்கிறதுக்காக இல்லாததைச் சொல்ல முடியுமா?"

"அதுக்கு மிஷின்ல இடம் இல்ல," என்றாள் ஜெனிட்டா. அவன் மணிக்கட்டைப் பார்த்தாள். மஞ்சள் கயிற்றின் நடுவில் கடுகு அளவில் ஒரு கறுப்பு மணி இருந்தது.

அந்த மணி வந்த கதை சிரிப்பாய்ச் சிரித்த கதை. கண் வந்த முதல் வருஷம், எட்டுக் கை வைத்த காளி ஒருவர் பஸ்ஸில் ஏறப் போக, கதவு மூடிக்கொண்டது. குறத்தி வேஷம் போட்ட போலீஸ்காரருக்கு அவருடைய ஸ்டேஷன் கதவே திறக்கவில்லை. கடற்கரை முழுக்கக் கொந்தளித்துவிட்டது. சாமி விஷயத்தில் கை வைக்க எந்த அரசாங்கத்துக்குத் துணிச்சல் உண்டு? விரதம் முடியும்வரை காப்புக் கட்டிய கைக்கு எல்லாக் கதவும் திறக்கும், கண்ணுக்கு அடையாளம் தெரியக் காப்பில் இந்த மணியைக் கோத்தால் போதும் என்று ஒரே வாரத்தில் உத்தரவு வந்தது. அந்த உத்தரவின் தயவில்தான் கொம்பையா வருஷத்தில் பத்து நாள் வாழ்ந்தான்.

"நாளைக்கு மத்தியானம் காப்பு அறுக்கும்போது நான் இருப்பேன்," என்றாள் ஜெனிட்டா. "அறுத்த மணியை எல்லாம் அணைக்கிறதுதான் என் வேலை. சாரி."

"நீங்க எதுக்கு சாரி சொல்லுதிய? எனக்கு இதுதான் கடைசி தசரா," என்றான் கொம்பையா.

அதை அவன் தங்கச்சி பொன்செல்வியிடம் ஒரு வாரத்துக்கு முன்பே சொல்லியிருந்தான். அன்றிலிருந்து அவள் அவனோடு சரியாகப் பேசவில்லை. நடுக்கடலில் காற்றாலைக் கோபுரங்கள் நின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்ள ஒரு கோபுரத்துக்கு ஓர் ஆள், ஐந்து வருஷ ஒப்பந்தம். மோட்டார் வேலை தெரிந்தவன் என்பதால் கொம்பையாவை உடனே எடுத்துக்கொண்டார்கள். காப்பு அறுத்த கையோடு படகு ஏற வேண்டும்.

பஸ்ஸை விட்டு இறங்கி அவன் வீட்டுக்குள் நுழையும்போது பொன்செல்வி பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வெள்ளிக்கிழமை இவளுக்குக் காதுகுத்து," என்றாள் சுவரைப் பார்த்து. "தாய்மாமன் மடி இல்லாம எம்பிள்ளைக்குக் காது குத்தணும்னு இருக்கு."

"இங்க இருந்தா சட்டையப் போட்டுட்டு மடியில வச்சுக்கிடலாம் பொன்னு. அது பெரிய காரியமில்ல. பொறவு மறுநாளும் சட்டை, அதுக்கு மறுநாளும் சட்டை. எனக்கு மூச்சு முட்டுது."

"கடல்ல மட்டும் முட்டாதாக்கும்?"

"அங்க கண்ணு கிடையாது. ஆளும் கிடையாது. இஷ்டத்துக்குச் சேலை கட்டிக்கலாம்."

"கட்டி யாருக்குக் காட்டப் போற?"

பிள்ளை சோற்றுக் கையால் கொம்பையாவின் முந்தியைப் பிடித்து இழுத்தது. மஞ்சள் கறை படிந்தது. துவைக்க மனசில்லாமல் அப்படியே விட்டுவிட்டான்.

மறுநாள் காப்பு அறுப்பு என்றால், அதற்குள் ஊரில் எல்லா வாசலிலும் தர்மம் வாங்கி முடித்திருக்க வேண்டும். ஆழிக்குடி வழக்கம் அது. ஒரு வாசல் பாக்கி இருந்தாலும் விரதம் முடிந்ததாகாது. அரிசி வேண்டாம், பணம் வேண்டாம், ஒரு கல் உப்புப் போட்டாலும் போதும். இதுவரைக்கும் மறுத்த வாசல் என்று ஒன்று இருந்ததில்லை. அம்மனே வந்து நிற்கும்போது எவனுக்கு இல்லை என்று சொல்ல வாய் வரும்?

தங்கபுஷ்பத்தின் பலசரக்குக் கடையைக் கொம்பையா கடைசிக்கு வைத்திருந்தான். வீட்டின் முன்பக்கம்தான் கடை. பழைய பலகைக் கடை என்பதால் கதவும் இல்லை, கண்ணும் இல்லை. அவள் வாயில் விழுவதற்குக் கடலில் விழலாம் என்று ஊரில் சொல்வார்கள். அவன் இருபது வயதில் முதன்முதலாகச் சேலை கட்டித் தெருவில் நடந்தபோது, மீன் கழுவிய தண்ணீரை வாளியோடு அவன் மேல் ஊற்றியவள் அவள்தான். ஆனால் கொசுறு விஷயத்தில் மட்டும் அவள் கை தாராளம். கால் கிலோ தக்காளி வாங்கினாலும் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் ரெண்டு பச்சை மிளகாயும் கேட்காமலே பையில் விழும்.

"அம்மா தாயே, தர்மம்," என்று தட்டை நீட்டினான்.

தங்கபுஷ்பம் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "யாரு கட்டிவிட்டா?"

"நானேதான்."

"முந்தி நீளம் பத்தல," என்றாள். பிறகு, "போயிட்டு வா தாயி. இங்க ஒண்ணும் இல்ல."

அவளுக்குப் பின்னால் அரிசி மூட்டைகள் கூரை தொட அடுக்கியிருந்தன. விளையாடுகிறாள் என்று நினைத்து அவன் தட்டைக் குலுக்கினான்.

"காது கேக்கலியா? ஒண்ணும் கிடையாது."

"அத்தை, இதுதான் கடைசி வாசல். நாளைக்குக் காப்பு அறுக்கணும். ஒரு கல்லு உப்பு போடுங்க, போதும்."

"ஒரு கல்லும் கிடையாது," என்று சொல்லிவிட்டு, அடுத்து வந்தவளுக்குப் பருப்பு நிறுக்கத் திரும்பிக்கொண்டாள்.

கொம்பையாவுக்கு முகத்தில் மறுபடியும் மீன் தண்ணீர் விழுந்தது போலிருந்தது. இத்தனை வருஷம் கழித்தும், கையில் காப்பு இருந்தும், அவள் மனசு கரையவில்லையே என்று நினைத்தபடி தட்டை இடுக்கிக்கொண்டு நடந்தான். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஊரே திரண்டு அவள் வாசலில் நின்று சண்டை போடும். போகிற நேரத்தில் ஒருத்தியின் வயிற்றெரிச்சலைக் கட்டிக்கொண்டு போவானேன்? வீட்டுக்கு வந்து, தன் அடுக்களையிலிருந்தே ஒரு கல் உப்பை எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் மத்தியானம் கோயில் மணலில் ஊரே கூடியிருந்தது. தசராக் குழுத் தலைவர் ஆத்திக்கண் அண்ணாச்சி கையில் சின்னக் கத்தியோடு நின்றார். ஜெனிட்டா பக்கத்தில் ஒரு கைக்கருவியோடு நின்றாள். ஒவ்வொரு வேஷமாக முன்னால் வர வர, "எல்லா வாசலும் குடுத்துச்சா தாயே?" என்று அண்ணாச்சி கேட்பார். பிறகு ஊரைப் பார்த்து அதையே கேட்பார். "குடுத்தாச்சு," என்று ஊர் சொன்னதும் கயிறு அறும். ஜெனிட்டா கருவியை வைத்து மணியை அணைப்பாள். காளி முடிந்தது, எமன் முடிந்தது, கரடி முடிந்தது. படகுத்துறையில் காற்றாலைப் படகு நின்றுகொண்டிருந்தது. கொம்பையாவின் பெட்டி அதில் ஏறிவிட்டது. பொன்செல்வி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அண்ணனைப் பார்க்காமல் கடலைப் பார்த்தாள்.

கொம்பையா கையை நீட்டினான்.

"எல்லா வாசலும் குடுத்துச்சா தாயே?"

"குடுத்துச்சு," என்றான் தலையைக் குனிந்துகொண்டு. அம்மன் மன்னிக்கட்டும்.

அண்ணாச்சி ஊரைப் பார்த்தார். "எல்லா வாசலும் குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சு," என்றது ஊர். கத்தி கயிற்றில் பட்டது.

"நான் குடுக்கல."

எல்லாத் தலையும் திரும்பியது. தங்கபுஷ்பம் கூட்டத்தின் பின்னால், கடைச் சாவிக் கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள்.

"மதினி, வெளையாடாதிய," என்றார் அண்ணாச்சி.

"அம்மன் முன்னால நின்னுக்கிட்டு வெளையாடுவனா? நேத்து வந்து நின்னா. ஒண்ணும் இல்லன்னு அனுப்பிட்டேன்."

கூட்டம் கொதித்தது. என்ன கொழுப்பு என்றார்கள். வீடு விளங்குமா என்றார்கள். "சாமி கண்ணைக் குத்தும்," என்று ஒருத்தி கத்தினாள்.

"குத்தட்டும். எனக்கு ரெண்டு இருக்கு," என்றாள் தங்கபுஷ்பம்.

அண்ணாச்சி கையமர்த்தினார். "சரி, போனது போகட்டும். இப்ப ஒரு ரூவா போடுங்க, முடிச்சிருவோம்."

"கையில இல்ல."

"நான் தாறேன், அதை வாங்கிப் போடுங்க."

"கடன் வாங்கித் தர்மம் பண்ணுத வழக்கம் எங்க வீட்ல கிடையாது."

"பொறவு எப்பத்தான் குடுப்பிய?"

"மனசு வரும்போது."

"எப்ப வரும்?"

"அது எனக்கே தெரியாது அண்ணாச்சி. எனக்கு லேசுல மனசு வராதுன்னு ஊருக்கே தெரியும்."

அண்ணாச்சி அவளைப் பார்த்தார். படகைப் பார்த்தார். கயிற்றின் மேல் இருந்த தன் கத்தியைப் பார்த்தார். கொஞ்சம் மெதுவாகப் புரிந்துகொள்ளும் மனுஷர்தான், ஆனால் புரிந்துவிட்டால் விடமாட்டார். கத்தியை எடுத்து மடக்கி மடியில் செருகிக்கொண்டார்.

"மேடம், ஒரு வாசல் பாக்கி இருக்கு. விரதம் முடியல. இப்ப நாம என்ன செய்யணும்?"

ஜெனிட்டா தன் கருவியைப் பார்த்தாள், பிறகு கொம்பையாவின் முகத்தைப் பார்த்தாள். "விரதம் முடியற வரைக்கும் காப்புக் கட்டின கைக்கு எல்லாக் கதவும் திறக்கணும். விதி அவ்வளவுதான் சொல்லுது. முடிஞ்சுதா இல்லையான்னு நீங்கதான் சொல்லணும். சாமி விஷயத்துல நாங்க தலையிட மாட்டோம்."

"ஒரு வருஷம் ஆகும்னா?"

"எத்தனை வருஷம்னு விதியில எதுவும் போடல," என்றாள். கருவியைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

முதலில் சிரித்தது எமன்தான். பிறகு கரடி சிரித்தது. சிரிப்பு கூட்டத்தின் பின்னால் வரை போய்ச் சேர்ந்த பிறகும் கொம்பையா கையை நீட்டியபடியே நின்றான். கதவெல்லாம் திறக்கும், நாளைக்கும் திறக்கும் என்று அவனுக்கு உறைத்தது, பொன்செல்வி ஓடி வந்து பிள்ளையை அவன் கையில் திணித்தபோதுதான். அவன் அழுதான். கூச்சமில்லாமல், முந்தியால் முகத்தைத் துடைத்துத் துடைத்து அழுதான்.

"சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு சொல்லுவாவ," என்றார் அண்ணாச்சி, யாரிடம் என்றில்லாமல். "இங்க குடுக்காததுல்லாய்யா வரமாயிட்டு." படகு சங்கு ஊதியது. யாரோ ஓடிப்போய்ப் பெட்டியை இறக்கினார்கள்.

சாயங்காலம் கொம்பையா கடைக்குப் போனான். தங்கபுஷ்பம் வெங்காயத்தில் அழுகல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் குனிந்து காலைத் தொடப் போனான். அவள் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாள்.

"ஏல, தாயி வந்து என் காலைத் தொட்டா பாவம் எனக்கு. ஏற்கனவே ஒரு மூட்டை சேத்து வச்சிருக்கேன்."

"எதுக்கு அத்தை இப்படிச் செஞ்சிய?"

அவள் ஒரு வெங்காயத்தைத் தோலுரித்துப் போட்டாள்.

"எனக்கு இன்னமும் பிடிக்கல, கேட்டுக்க. ஆம்பளை சேலை கட்டுதது என் கண்ணுக்கு ஒத்து வரல. சாவுத வரைக்கும் வராதுன்னுதான் நினைக்கேன். ஆனா வருஷத்துல பத்து நாள் நீ சிரிக்கே. மத்த நாள்ல எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்தவன் மாரி வந்து நிக்கே. தினமும் அந்த மூஞ்சியப் பாத்து நான் யாவாரம் பண்ணணும்லா."

"அதுக்காகவா?"

"பொறவு அந்தக் கதவு. ஒன்னைய வேண்டாம்னு சொல்லணும்னா நான் சொல்லணும், அது யாரு சொல்லுததுக்கு? அன்னைக்கு ஒன் மேல தண்ணி ஊத்துனேன். ஊத்திட்டு எனக்குச் சோறு இறங்கல. மறுநாள் ஒன் பையில கறிவேப்பில கூட ஒரு கொத்துப் போட்டேன், நீ பாத்தியோ என்னமோ. அந்தக் கதவுக்குச் சோறு இறங்காமப் போகுமா? அது கொசுறு போடுமா?"

கொம்பையாவுக்கு அந்தக் கறிவேப்பிலை ஞாபகம் இருந்தது. அன்றைக்கு அதைக் குப்பையில் எறிந்ததும் ஞாபகம் இருந்தது.

"ஆனா ஒண்ணு, நல்லா யோசிச்சுக்க," என்றாள். "காப்பு கையில கிடக்குத வரைக்கும் மீனு கிடையாது, செருப்பு கிடையாது, ஒரு நேரம்தான் சோறு. கடக்கரைக்காரன் மீன் திங்காம இருப்பியா?"

"மீனை விட்டுரலாம் அத்தை. சேலையைத்தான் விட முடியல."

"சாமியா இருந்தாத்தான் மனுஷனா நடமாடலாம்னு ஆக்கி வச்சிருக்கானுவ பாரு," என்று அவள் முணுமுணுத்தாள். பிறகு அவன் இன்னும் நிற்பதைப் பார்த்து, "ஏல, போ, யாவார நேரம்," என்று விரட்டினாள்.

வெள்ளிக்கிழமை மண்டபக் கதவு அவனைப் பார்த்ததும் திறந்தது. அரக்குச் சேலை கட்டிய தாய்மாமன் மடியில் உட்கார்ந்து பிள்ளை காது குத்திக்கொண்டது. வலியில் அவன் தலையிலிருந்த கனகாம்பரம் முழுவதையும் பிய்த்துப் போட்டது. பொன்செல்வியின் மாமனார் வகையில் இரண்டு பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிடாமல் எழுந்து போனார்கள். மூன்றாவதாக எழுந்தவர், பாயச வாசனை வந்ததும் உட்கார்ந்துவிட்டார். மனுஷர்கள் என்றால் அப்படித்தான். அதில் கொம்பையாவுக்கு வருத்தம் இருந்தது, ஆனால் மூச்சு முட்டவில்லை.

அடுத்த தசராவில் தலைமுடியைக் கத்தரித்து வேட்டி சட்டையோடு ராஜா வேஷம் போட்டிருந்த ஒரு பெண் காப்பு அறுக்கக் கையை நீட்டினாள். எல்லா வாசலும் குடுத்தாச்சா என்று அண்ணாச்சி ஊரைப் பார்த்துக் கேட்டபோது, அவருடைய சொந்த வீட்டு ஆளிடமிருந்தே "இல்ல," என்று ஒரு குரல் வந்தது. அவருடைய மனைவியின் குரல். அந்த வருஷமும் ஜெனிட்டாதான் வந்திருந்தாள். இந்த முறை கருவியை அவள் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை.

கொம்பையா இப்போதெல்லாம் கதவுகளுக்கு நன்றி சொல்வதில்லை. சொல்ல வேண்டிய இடம் வேறு என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. காலையில் தங்கபுஷ்பம் கடையில் கூட்டம் நிற்கும். முன்னால் நிற்பவளின் பையில் கறிவேப்பிலை விழும், பச்சை மிளகாய் விழும். அடுத்தது கொம்பையா, அரைக் கிலோ தக்காளி. பழக்க தோஷத்தில் அவள் கை ஒரு கொத்துக் கறிவேப்பிலையை எடுத்து அவன் பை வரைக்கும் போய், அங்கே நின்றுவிடும். ஒரு கொத்து ஓசியில் கொடுத்தாலும் அது தர்மமாகிவிடும். தர்மமானால் விரதம் முடிந்துவிடும். வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் அந்தக் கையையே பார்ப்பார்கள்.

"கறிவேப்பில ரெண்டு ரூவா," என்பாள் தங்கபுஷ்பம் கறாராக.

கொம்பையா முந்தியில் முடிந்திருக்கிற காசை அவிழ்த்து எடுத்துக் கொடுப்பான். "ரொம்ப நன்றி அத்தை."

"எதுக்குல நன்றி? காசு வாங்கிட்டுத்தான குடுக்கேன்," என்பாள் அவள், அவனை நிமிர்ந்து பார்க்காமல்.